குண்டுமல்லி வளர்ப்பு: நடவு முதல் கவாத்து வரை முழுமையான வழிகாட்டி

குண்டுமல்லி நட்டவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: செடி செழித்து வளர்ந்திருக்கிறது, இலைகள் பச்சைப் பசேலென்று இருக்கின்றன, ஆனால் பூவைக் காணோம். இதற்கான விடை செடியின் இயல்பிலேயே இருக்கிறது. குண்டுமல்லி புதிதாக விட்ட துளிர்களின் நுனியில்தான் அரும்பு கட்டும்; சென்ற பருவத்தில் பூத்து ஓய்ந்த கிளைநுனியில் மறுபடி அரும்பு வராது. எனவே இடம் பார்ப்பதும், மண் சேர்ப்பதும், நீர் விடுவதும், உரமிடுவதும், கத்தரி பிடிப்பதும் எல்லாமே, வெயிலில் நின்று திடமான புதுத் துளிர்களை அலை அலையாக வரவழைப்பதற்கான வேலைகள்தாம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் சொல்லப்படுகிறது என்பது தானாகவே விளங்கும்.

இங்கே சொல்லப்படுவது ஜாஸ்மினம் சம்பக் என்ற தாவரப் பெயருடைய குண்டுமல்லிக்கு மட்டுமே பொருந்தும். பிச்சியும் முல்லையும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை என்றாலும், அவை பூக்கும் காலமும் கவாத்துக் காலமும் வேறு. ஒன்றுக்குரிய காலத்தில் மற்றொன்றை வெட்டினால் அந்த ஆண்டின் பூவை இழக்க நேரிடும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் குண்டுமல்லியைப் பவழமல்லியின் பேரினத்தில் வைத்திருந்தார். அந்தப் பேரினப் பெயருக்கு இரவுப் பூ என்று பொருள். 1789இல்தான் ஏய்ட்டன் என்ற மற்றொரு தாவரவியலாளர் அதை மல்லிகைப் பேரினத்துக்கு மாற்றினார். பொழுது சாயும் நேரத்தில் விரியும் இரண்டு வெண்பூக்களும் ஒரு காலத்தில் ஒரே பெயரின் கீழ் இருந்தன என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி.

குண்டுமல்லிக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. ஒற்றை அடுக்கு இதழும் கூரிய அரும்பும் கொண்ட வகை, இரண்டு மூன்று அடுக்கு இதழோடு உருண்டை அரும்பு கட்டும் வகை, சிறு ரோஜாவைப் போலத் திரண்டு மலரும் அடுக்குமல்லி ஆகியவை பரவலாகக் கிடைக்கின்றன. அடுக்குமல்லி அழகில் முதன்மையானது. ஆனால் மெதுவாக வளரும், குறைவாகப் பூக்கும். முதன்முறை வளர்ப்பவர் முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இடம்

நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழும் இடம் வேண்டும். இதில் சமரசம் செய்துகொள்ள இயலாது. நிழலில் நிற்கும் குண்டுமல்லி செத்துவிடாது; மாறாக, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்ட, மெலிந்த, கொடி போன்ற கிளைகளை வெளிச்சத்தை நோக்கி நீட்டும், பெரிய இலைகளை விடும், அரும்பு மட்டும் கட்டாது. பூக்காத செடிக்கு உரத்தை மாற்றிப் பார்ப்பதற்கு முன், ஒரு நாள் காலை முதல் மாலை வரை அதன்மேல் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தொட்டியில் இருந்தால் இடம் மாற்றுவதே முதல் மருந்து.

பெரிய மரங்களின் வேர்ப்பரப்புக்குள் நடுவதைத் தவிர்க்க வேண்டும். சுவரை ஒட்டி நட்டால் குறைந்தது இரண்டடி விலக்கி நடவேண்டும். காற்றோட்டம் இல்லாத மூலையில் செஞ்சிலந்தியும் மாவுப்பூச்சியும் விரைவில் குடியேறும்.

மண்ணும் வடிகாலும்

குண்டுமல்லி பல வகை மண்ணிலும் வளரும்; நீர் தேங்கும் மண்ணில் மட்டும் வாழாது. செம்மண் கலந்த இருமண் (மணலும் களியும் அளவாகச் சேர்ந்த மண்) மிகவும் ஏற்றது. கார அமில நிலை (pH) 6.5 முதல் 7.5 வரை இருப்பது நலம். சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் போய், இளம் இலைகள் வெளுக்கும்.

நடப்போகும் இடத்தின் வடிகாலை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதை நீரால் நிரப்பி வடியவிட்டு, உடனே இரண்டாம் முறை நிரப்புங்கள். இரண்டாவது நிரப்பிய நீர் நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் நின்றுகொண்டிருந்தால் அங்கே அப்படியே நடக்கூடாது. களிமண் நிலத்தில் குழிக்குள் மட்டும் மணலைக் கொட்டுவது பயன் தராது. சுற்றிலும் உள்ள களி நீரை விடாமல் பிடித்துக்கொள்ள, அந்தக் குழியே ஒரு தொட்டியாகிவிடும். முக்கால் அடி முதல் ஓரடி வரை உயர்த்திய மேட்டுப்பாத்தி அமைத்து நடுவதுதான் சரியான தீர்வு.

தொட்டிக்கு இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு பருமணல் என்ற கலவை போதும். எடை குறையும் என்பதற்காகத் தென்னை நார்க்கழிவைப் பாதிக்கு மேல் சேர்ப்பவர்கள் உண்டு. அது மேலே காய்ந்ததுபோல் தெரிந்து உள்ளே நெடுநாள் ஈரத்தை வைத்திருக்கும் என்பதால், இந்தச் செடிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. தொட்டியின் வாய் குறைந்தது 12 முதல் 14 அங்குலம் இருக்க வேண்டும். அடித்துளைகள் மண்ணால் அடைபடாதபடி ஓட்டுத்துண்டு வைக்க வேண்டும்.

புதுச்செடி எடுத்தல்

தோட்டங்களில் வளரும் குண்டுமல்லி விதை பிடிப்பது மிக அரிது. ஆகவே குச்சி வைத்தோ பதியன் போட்டோதான் பெருக்க வேண்டும்.

குச்சிக்கு, பூத்து முடிந்த, மிக இளசாகவும் இல்லாமல் முற்றிய கட்டையாகவும் இல்லாத கிளையைத் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டவேண்டும். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். வேர் பெரும்பாலும் கணுவை ஒட்டியே பிறக்கும். மேல் இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டு, வேர் ஊக்கித் தூளில் அடிப்பகுதியைத் தொட்டு, ஈரமான மணலில் இரண்டு கணுக்கள் புதையும்படி ஊன்றவேண்டும். ஒளி ஊடுருவும் உறையால் மூடி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர் பிடிக்கும். இடையில் துளிர் வந்துவிட்டது என்று குச்சியைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. குச்சியில் சேர்ந்திருக்கும் சத்தைக் கொண்டே துளிர் வேருக்கு முன்பு வந்துவிடுவது உண்டு.

வீட்டளவில் ஒன்றிரண்டு செடி மட்டும் தேவை என்றால் பதியன் இதைவிட உறுதியானது. தரையோடு தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, மண்ணைத் தொடும் கணுவின் அடியில் மேல்தோலைச் சிறிதாகச் சீவி, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் போதும். தாய்ச்செடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் வாடும் அச்சம் இல்லை. இரண்டு மூன்று மாதங்களில் வேர் பிடித்ததும் தாயிடமிருந்து வெட்டிவிட்டு, மேலும் இரண்டு வாரம் அதே இடத்தில் விட்டுவைத்துப் பிறகு பெயர்த்து நடலாம்.

நடவு

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, இரண்டு வாரம் வெயிலில் ஆறவிடுங்கள். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியே வைத்திருந்து, அதோடு பத்து கிலோ மக்கிய தொழு உரமும், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து குழியை நிரப்ப வேண்டும். பச்சைச் சாணம் கூடவே கூடாது. அது மண்ணுக்குள் சூடேறி இளவேரைக் கருக்கும், வேர்ப்புழுவையும் வரவழைக்கும்.

பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில்தான் செடி நிற்கவேண்டும். தண்டு மண்ணுக்குள் புதைந்தால் கழுத்தழுகல் வரும். ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளை நட்டால் நாலடி இடைவெளி விடுங்கள். முதல் ஆண்டில் அது வீண் இடமாகத் தோன்றும், மூன்றாம் ஆண்டில் போதாததாகத் தோன்றும். மாலை நேரத்தில் நட்டு, வேர் மண்ணோடு அமரும்படி நீர் ஊற்றி, ஒரு வாரம் மட்டும் நண்பகல் வெயிலை மறைத்தால் போதுமானது.

நட்ட பிறகு வரும் துளிர்கள் நான்கு கணு நீண்டதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு நுனி போன இடத்தில் இரண்டு கிளைகள் வரும்; அவற்றையும் ஒருமுறை கிள்ளினால் நான்காகும். முதல் மூன்று மாதங்களில் வரும் அரும்புகளையும் அதே கையோடு எடுத்துவிடுவது நல்லது. முதல் அரும்பைக் கிள்ள மனம் வராது என்பதை அறிவேன். இருந்தாலும், அந்தச் சத்து வேருக்கும் அடிக்கிளைக்கும் போனால்தான் செடி பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கும் புதராகும்.

நீர்

நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கே ஈரம் இல்லையென்றால் வேர்ப்பகுதி முழுவதும் நனையும்படி ஊற்றி, மறுபடி அதே அளவு காயும்வரை காத்திருப்பதே சரியான முறை. கடும் வெயிலில் தொட்டிச் செடிக்கு இது தினமும் ஆகலாம். குளிர்ந்த மாதங்களில் வாரம் ஒரு முறைகூடப் போதுமானதாகலாம். அரும்பு கட்டியிருக்கும் நாட்களில் மட்டும் வாடவிடக் கூடாது, வாடினால் அரும்பு சிறுத்து உதிரும். தொட்டியின் கீழே தட்டு வைத்திருந்தால் அதில் நீர் தேங்கி நிற்கவிடாதீர்கள். நிலத்தில் நிற்கும் செடிக்குக் காய்ந்த இலைகளை இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலக்கிப் பரப்ப வேண்டும்.

கவாத்து

பூ வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இந்த ஒரு வேலையைப் பொறுத்தது. வெட்டாமல் விட்ட குண்டுமல்லி ஆளுயரத்துக்கு ஏறி, அடியில் மொட்டையாகவும் மேலே இலைக்கூட்டமாகவும் மாறி, எட்டாத உச்சியில் ஒன்றிரண்டு பூ பூக்கும். தயங்காமல் வெட்டப்பட்ட செடியோ இடுப்பளவு உயரத்தில் நூற்றுக்கணக்கான துளிர்களை விட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் அரும்புக்கொத்து கட்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை பெருங்கவாத்து செய்ய வேண்டும். செடி ஓய்வில் இருக்கும் குளிர்ந்த காலம் முடிந்து, வெப்பம் கூடத் தொடங்குவதற்கு ஆறு முதல் பத்து வாரம் முன்பு அதைச் செய்வது பொருத்தம். உறைபனி விழும் நாடுகளில் பனி முற்றிலும் நின்ற பிறகுதான் வெட்டவேண்டும், ஏனெனில் வெட்டியதும் வரும் இளந்துளிர் பனியில் கருகிவிடும். வெட்டும் நாளுக்குப் பத்து நாள் முன்பிருந்தே நீரைக் குறைத்துச் செடியைச் சற்று வாடவிடுங்கள். பிறகு கூரிய, சுத்தமான கவாத்துக் கத்தரியால் எல்லாக் கிளைகளையும் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டவேண்டும், தொட்டிச் செடிக்கு ஓரடி உயரம் போதும். ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக அமைய வேண்டும். காய்ந்த குச்சி, ஒன்றையொன்று உரசும் கிளை, பென்சிலைவிட மெலிந்த வாது, அடியிலிருந்து வெளிறிப்போய் நேராகக் கிளம்பிய நெட்டைக் கொம்பு ஆகியவற்றை அடியோடு நீக்கி, புதரின் நடுப்பகுதி கிண்ணம்போல் திறந்திருக்கும்படி செய்யுங்கள். அங்கே வெயில் இறங்கினால்தான் உட்பக்கத்துக் கணுக்களும் விழிக்கும்.

எஞ்சியிருக்கும் இலைகளையும் கையால் உருவிவிட வேண்டும். பலர் செய்யத் தயங்கும் வேலை இது. இலை போனதும் கணுவில் உறங்கும் மொக்குகள் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. பழைய இலையின் அடியில் ஒளிந்திருந்த சிலந்தியும் முட்டைகளும் அதோடு ஒழிகின்றன. நோயுற்றோ வேர் பாதிக்கப்பட்டோ நலிந்திருக்கும் செடிக்கு மட்டும் இதைச் செய்யக் கூடாது. அதற்குப் பாதி உயரம் மட்டும் குறைத்து, இலைகளை விட்டுவைக்க வேண்டும்.

வெட்டிய மறுநாள் அடிமண்ணைக் கொத்தி உரமிட்டு, நன்றாக நீர் விட்டால் இரண்டு மூன்று வாரங்களில் கணுதோறும் துளிர் தெரியும். அந்தத் துளிர் நீண்டு அரும்பு கட்ட, வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு முதல் மூன்று மாதம் ஆகலாம். இந்த இடைவெளியில் மொட்டைக் குச்சிகளைப் பார்த்துச் செடியைக் கொன்றுவிட்டோமோ என்று அஞ்ச வேண்டாம். நகத்தால் தோலைச் சற்றுக் கீறிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

பெருங்கவாத்தோடு வேலை முடிவதில்லை. ஒரு கொத்து பூத்து முடிந்ததும், அந்தக் கிளையின் நுனியை இரண்டு மூன்று கணுக்கள் கீழே வெட்டிவிட வேண்டும். வெப்பமான பருவத்தில் அந்த வெட்டிலிருந்து வரும் வாதுகள் நான்கு முதல் ஆறு வாரத்தில் அடுத்த பூவைத் தரும். பருவம் முழுவதும் பூக்கும் செடிக்கும், ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும் செடிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தச் சிறு வெட்டுகளில்தான் இருக்கிறது.

உரம்

நிலத்தில் நன்கு வளர்ந்த ஒரு செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிராம் என்ற அளவு பரிந்துரைக்கப்படுகிறது. இதைக் கவாத்து முடிந்ததும் பாதியாகவும், ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து மீதியாகவும் பிரித்து இடுவர். ஒரு தவணைக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 100 கிராம் என்று கணக்கு வரும். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகக் கீறிய பள்ளத்தில் இட்டு, மண் மூடி, நீர் ஊற்ற வேண்டும். கவாத்தின்போது பத்து கிலோ தொழு உரமும் சேர வேண்டும். தழைச்சத்து மற்ற இரண்டிலும் பாதியளவே இருப்பதைக் கவனியுங்கள். யூரியாவை மட்டும் கூட்டினால் இலைதான் பெருகும்.

தொட்டிக்கு இந்த அளவுகளை ஒருபோதும் பின்பற்றக் கூடாது. குறுகிய இடத்தில் உப்பு சேர்ந்து வேர் கருகும். மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், பூக்கும் பருவத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்துப் பத்து லிட்டராகக் கலக்கிய கரைசலில் அரை லிட்டரும் கொடுத்தால் போதும்.

இலை மஞ்சளானதும் உரக்குறை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அடியிலுள்ள பழைய இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. நுனியிலுள்ள இளம் இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறை. அதற்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலையில் இலைமேல் தெளித்து, பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை திரும்பச் செய்ய வேண்டும். ஆயினும் நீர் தேங்குவதாலோ மண்ணின் காரத்தன்மையாலோ இந்தக் குறை வந்திருந்தால், தெளிப்பு தற்காலிக நிவாரணம் மட்டுமே. செடி முழுவதும் குன்றி, வெளுத்து, எந்த உரத்துக்கும் தேறவில்லை என்றால் ஓரமாகச் சிறிது தோண்டி வேரைப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. வேப்பம் புண்ணாக்கை வேர்ப்பகுதியில் இடுவதும், சுற்றிலும் துலுக்கச் சாமந்தி நடுவதும் அதைக் கட்டுப்படுத்த உதவும்.

பூச்சிகள்

அரும்பில் வட்டமான சிறு துளையும், பக்கத்து அரும்புகளோடு சேர்த்துப் பின்னிய நூலும் தெரிந்தால் அது மொட்டுப்புழு. அரும்பின் அடி வீங்கி, ஊதா நிறம் படர்ந்து, வளராமல் நின்றால் அது அரும்பு ஈ. இரண்டுக்கும் முதல் வேலை, தாக்கப்பட்ட அரும்புகளைப் பறித்து அழிப்பதுதான்; செடியின் அடியிலேயே போட்டால் அங்கிருந்தே அடுத்த தலைமுறை கிளம்பும். அரும்பு ஈ மண்ணில் கூட்டுப்புழுவாவதால், அடிமண்ணை அவ்வப்போது கிளறிவிட்டு வேப்பம் புண்ணாக்குச் சேர்ப்பது பயன் தரும்.

வறண்ட வெயிலில் இலையின் மேற்பரப்பு புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி வந்திருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் படும்படி மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை வேகமாக அடித்தாலே ஆரம்பத் தாக்குதல் அடங்கும். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்தூளும் சிலந்தியைக் கட்டுப்படுத்தும். ஆனால் எண்ணெய் தெளித்த சில வாரங்களுக்குள்ளும், சுட்டெரிக்கும் வெயில் நாட்களிலும் அதைத் தெளித்தால் இலை கருகும். எதைத் தெளிப்பதாயினும் பறிக்க வேண்டிய அரும்புகளை முன்னதாகப் பறித்துவிட வேண்டும்.

பறித்தல்

கொத்தில் நடு அரும்பு முதலில் முதிரும். பக்கத்து அரும்புகள் சில நாள் கழித்து வரும். ஆகவே கொத்தாகக் கிள்ளாமல், முழு அளவு வளர்ந்து, பச்சை மாறி வெண்மையான, விரியாத அரும்பை மட்டும் அதிகாலையில் பறிக்க வேண்டும். பறித்த அரும்பு மாலையில் விரியும். விரியும்போதுதான் மணத்தை உண்டாக்கி வெளியிடும். செடியிலேயே பூக்கவிடுவது உங்கள் விருப்பமானால், வாடிய பூவை மறுநாள் நீக்கிவிடுங்கள்.

குளிரும் தொட்டி மாற்றமும்

இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இடங்களில் தொட்டியை உள்ளே எடுத்து, இருப்பதிலேயே வெளிச்சம் மிகுந்த சன்னலருகே வைத்து, நீரைக் குறைத்து, உரத்தை நிறுத்திவிட வேண்டும். சில இலைகள் உதிர்வது இயல்பு.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பெருங்கவாத்து நாளிலேயே தொட்டி மண்ணையும் மாற்றலாம். வேர்க்கட்டியை வெளியே எடுத்து, சுற்றிலும் அடியிலும் சுருண்டிருக்கும் வேர்களில் கால் பங்கை வெட்டி நீக்கி, புதுக் கலவையோடு அதே தொட்டியில் வைக்கலாம். மேலே கிளையும் கீழே வேரும் ஒருசேரக் குறைவதால் செடி சமநிலையோடு மீளும்.

முதிர்ந்த புதர்

பல ஆண்டு கழித்து அடிக்கட்டைகள் தடித்து, துளிர் மெலிந்து, பூ குறையும். அப்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் தரையோடு வெட்டக் கூடாது. முதல் ஆண்டு பழைய கட்டைகளில் பாதியைத் தரையிலிருந்து ஓரடிக்கும் குறைவான உயரத்தில் வெட்டி, அடியிலிருந்து வரும் புதுக்கிளைகளை நுனி கிள்ளி வளர்த்து, மறு ஆண்டு மீதிப் பாதியை வெட்டவேண்டும். தடித்த வெட்டுவாய்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவினால் அழுகல் இறங்காது. இந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னரே, நல்ல கிளைகள் இரண்டைப் பதியன் போட்டு வையுங்கள். இரண்டாம் வெட்டுக்குப் பிறகும் அடியிலிருந்து துளிர் வராத செடியைத் தோண்டி எடுத்துவிட்டு, பதியனை அதே குழியில் வைக்காமல், நாலடி தள்ளிப் புதுக்குழி எடுத்து நடவேண்டும்.